நான் மின்சார மந்திரியா இருந்த நாள்

ஆபிரிக்காவில ஒரு நாட்டுக்கு நான் மூண்டு மணித்தியாலம் மின்சார மந்திரியா இருந்தனான். சிரிக்காதேங்கோ. அதுக்கு முதல் நாளும் லண்டன் டூட்டிங்கில ரோல்ஸ்தான் பொரிச்சனான், அடுத்த நாளும் ரோல்ஸ்தான் பொரிச்சனான். ஆனால் இடையில அந்த மூண்டு மணித்தியாலத்துக்குள்ள நான் செய்து வைச்ச வேலையை நினைச்சால் இப்பவும் எனக்கு என்னிலயே பத்திக்கொண்டு வரும்.

நாங்கள் ஜெர்மனியில இருவது வருசம் இருந்திட்டு லண்டனுக்கு வந்த ஆக்கள். நான், என்ர மனுசன், மனுசன்ர தங்கச்சி, அதாவது என்ர மச்சாள், மூண்டு பேருமாச் சேர்ந்து கூட்டங்களுக்குச் சாப்பாடு செய்து குடுக்கிறம். அண்டைக்கு ஓடர் வந்தது நகரத்துக்கு நடுவில இருக்கிற ஒரு ஆராய்ச்சி நிலையத்தில இருந்து. ஆபிரிக்காவில ஒரு ஆத்துப் பள்ளத்தாக்கைப் பற்றின கூட்டம். தண்ணி, கரண்ட், சாப்பாடு, பிறகு காடு மீன் பறவை எண்டு இயற்கை, இந்த நாலையும் ஒண்டாப் பிணைச்சுக் கொள்கை வகுக்கோணுமாம். நாலுக்கும் நாலு மந்திரி, ஒருத்தர் செய்யிறது மற்றவருக்குத் தெரியாது, அதாலதான் சனம் கஷ்டப்படுதாம். கூட்டத்தை நடத்துற பேராசிரியர் இதைச் சொல்லேக்க ரெண்டு கை விரலையும் கோத்துக் காட்டுவார். இதுக்கு ஏன் ஐயா ஆராய்ச்சி? எங்கட குசினிக்கு ஒருக்கா வந்து பாத்தால் காணுமே! நான் கரண்ட் அடுப்பைப் போட, மனுசன் கேத்திலைப் போட, மச்சாள் கிரைண்டரைப் போட, முழு வீடும் இருண்டு போகும்.

பத்து மணிக்குத் தட்டுகளோட உள்ளுக்குப் போனால், இருவது கதிரை, இருவது பேர் அட்டை, ஆனால் இருக்கிறது ஒரேயொரு ஆள். மற்ற ஒருத்தருக்கும் விசா கிடைக்கேல்லை. வந்தது ஒரு மனுசி, என்ர வயசுதான் இருக்கும். அந்த ஆத்து அணைக்குக் கீழ இருக்கிற ஊர்களின்ர வயல் செய்யிற கமக்காரர், மீன்பிடிக்காரர் சங்கத்துக்குச் செயலாளர். பிளேனால இறங்கி நேர வந்திருக்கிறா, காலெல்லாம் வீங்கிப்போய் இருந்தது. நான் ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுத்திட்டு, என்ன விசயமா வந்தனீங்கள் எண்டு கேட்டன்.

"பன்ரெண்டு நாள் தண்ணி கேக்க வந்தனான் சிஸ்டர்" எண்டா.

முந்தி மழைக்காலத்தில ஆறு பெருகி வயலுக்கு மேலால பரவுமாம். வண்டல் படியும், மீன் குஞ்சு பொரிக்கும், பிறகு தண்ணி வடிஞ்ச ஈரத்தில விதைப்பினம். அணை கட்டின பிறகு வெள்ளத்தை அங்கயே மறிச்சு வைச்சு, வருசம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் கரண்டுக்கு விடுகினம். வயலுக்குத் தண்ணி ஏறுறதில்லை, மீனும் இல்லை. அவை முழுத் தண்ணியும் கேக்கேல்லை. வருசத்தில பன்ரெண்டு நாள் மட்டும், மழை நேரத்தில, அணைக் கதவைத் திறந்து விடுங்கோ எண்டுதான் கேக்கினம். இண்டைய கூட்டத்தில வாற முடிவு அறிக்கையா அணை நிர்வாகத்துக்குப் போகுமாம். அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறா, பாவம்.

அந்த நேரம் பேராசிரியர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். கூட்டம் எண்டால் வெறும் கதை இல்லையாம், ஒரு விளையாட்டாம். பெரிய மேசையில ஆறு கீறின சரிவுப் பலகை, மேல அணை, கீழ மரத்தால செய்த குட்டி வீடுகள், போத்திலுக்குள்ள நீல மணியள். மணிதான் தண்ணி, போத்தில் மூடிதான் அணைக் கதவு. ஆளுக்கொரு பதவியில இருந்து விளையாடோணும். இதுக்குக் காசு குடுக்கிற ஆக்கள் கொம்பியூட்டருக்குள்ளால பாத்துக்கொண்டிருக்கினம், ஆள் இல்லையெண்டு நிப்பாட்ட ஏலாது. எங்களை மேலையும் கீழையும் பாத்தார். "நீங்கள் மூண்டு பேரும் இருக்கேலுமோ?" எண்டு கேட்டார்.

நான் வாய் திறக்க முதல் என்ர மனுசன் ஏப்ரனைக் கழட்டிப் போட்டார்.

சீட்டு எடுத்தம். எனக்கு மின்சாரம், அணைக் கதவு என்ர கையில. மச்சாளுக்கு விவசாயம், அதாவது பெரிய கரும்புத் தோட்டங்கள். இயற்கைக்கு ஆள் காணாமல் ஒரு வெறுங் கதிரையில அட்டையை மட்டும் வைச்சார். தன்ர பக்கத்தைத் தானே பேசக் கூடாது எண்டது விளையாட்டின்ர விதியாம், மற்றவையின்ர கஷ்டம் விளங்கட்டுமாம். அதால தண்ணித் துறைக்கு, அதாவது அணைக்குக் கீழ இருக்கிற சனத்துக்கு, பிரதிநிதி என்ர மனுசன். உண்மையில அந்தச் சனத்தில ஒருத்தியான செயலாளருக்கு, பட்டணத்தில ஏசி போட்ட ஹோட்டல் முதலாளி வேசம். அவவின்ர அட்டையில 'எனக்கு மின்சாரம் மட்டும் வேண்டும்' எண்டு எழுதியிருந்தது. அவ அதை ரெண்டு தரம் வாசிச்சுப்போட்டு என்ர மனுசனைப் பாத்தா. தெய்வத்தைப் பாக்கிற மாதிரிப் பாத்தா. அந்த மனுசனை எனக்கெல்லோ தெரியும்!

அவர் பழைய மாணவர் சங்கத்தில செயலாளரா இருந்து நரைச்ச ஆள். லண்டனில எங்கட ஆக்கள் மூண்டு பேர் சேர்ந்தால் சங்கம், நாலாவது ஆள் வந்தால் ரெண்டு சங்கம். மணி அடிச்சு விளையாட்டுத் தொடங்கினதும் அவர் எழும்பி, "முதலில யாப்பு எங்கை, சங்கத்துச் சட்டதிட்டம்?" எண்டார்.

பேராசிரியருக்கு விளங்கேல்லை.

"யாப்பு இல்லாமல் தலைவரைத் தெரிவு செய்ய ஏலாது. தலைவர் இல்லாமல் கூட்டம் செல்லாது" எண்டு மனுசன் இங்கிலீசில விளக்கினார்.

"அண்ணை சொல்லுறது சரி" எண்டா மச்சாள்.

பேராசிரியர் 'நல்லாட்சி' எண்டு எழுதிக் கீழ ரெண்டு கோடு போட்டார். மொத்தம் பத்துச் சுற்று. கொம்பியூட்டரில நேரம் தன்ர பாட்டில ஓடும், முடிவெடுக்காட்டி அணை பூட்டித்தான் கிடக்கும். முதலாம் சுற்று யாப்பில போச்சுது. ரெண்டாம் சுற்றில போன கூட்டத்து அறிக்கையை வாசிக்கச் சொல்லி மனுசன் கேட்டார். போன கூட்டம் எண்டு ஒண்டு நடக்கவே இல்லையே எண்டன். அப்ப அதைக் குறிப்பில எழுதுங்கோ எண்டார். மூண்டாம் நாலாம் சுற்று, உபதலைவர் பதவி வேணுமோ வேண்டாமோ எண்டதில போச்சுது.

அஞ்சாம் சுற்றில திரையில மழை தொடங்கிச்சுது. ஹோட்டல்கார முதலாளி என்ர பக்கம் சாய்ஞ்சு, "சிஸ்டர், இப்ப கொஞ்சமாத் திறக்கத் தொடங்கோணும்" எண்டு மெல்லமாச் சொன்னா.

பேராசிரியர் விரலை ஆட்டினார். "நீங்கள் ஹோட்டல்."

அவ யோசிச்சுப்போட்டு, "என்ர விருந்தாளியளுக்கு ஆத்து மீன் வேணும். மீனுக்கு வெள்ளம் வேணும்" எண்டா. கெட்டிக்காரி!

"உங்கட அட்டையில மீன் இல்லை" எண்டார் அவர்.

நான் திறக்கத்தான் போனனான். சத்தியமாச் சொல்லுறன். கை போத்தில் மூடியில இருந்தது. அப்பத்தான் மச்சாள் சந்தோசமா அறிவிச்சா, வாற தண்ணி முழுக்கத் தன்ர கரும்புக்காம், கீழ் ஊர்ப் பிரதிநிதி சம்மதமாம். ஏன் சம்மதிச்சவர்? மச்சாள் தன்ர வாக்கை அவருக்குப் போட்டுத் தலைவராக்கிறனெண்டு சொல்லியிருக்கிறா!

"உங்களுக்கு விசரோ?" எண்டு நான் எழும்பிட்டன். "ஒரு கதிரைக்காக அந்தச் சனத்தின்ர தண்ணியைக் குடுத்துப்போட்டியளோ?"

"இஞ்சை பாரும், தலைவராய் வந்தால் பிறகு எல்லாருக்கும் வாங்கிக் குடுக்கலாம்தானே" எண்டார்.

எனக்குக் கோவம் தலைக்கேறினால் ஜெர்மன்தான் வரும். ஜெர்மனில பேசினன் பாருங்கோ ஒரு பேச்சு! இருவது வருசத்துக் கணக்கு எல்லாம் வந்தது, அவர் வாங்கி வைச்சிட்டு ஒரு நாளும் ஓடாத சைக்கிள் உட்பட. முடிவில, ஒருத்தருக்கும் ஒரு சொட்டும் இல்லை எண்டு சொல்லி மூடியை இறுக்கிப் பூட்டினன். மச்சாள் அழுதுகொண்டு எழும்பிப் போய், மண்டபத்து மற்ற மூலையில ஒரு மேசையை இழுத்துப் போட்டு, இனித் தான் வேற விவசாய அமைச்சு எண்டா. பேராசிரியர் அதுக்கு ஒரு புது நிறப் பேனை எடுத்தார். ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது எண்டு சுற்றுகள் போச்சுது. மழை பெய்து ஓய்ஞ்சுது. வெறுங் கதிரை மட்டும் கடைசி வரைக்கும் ஒரு சத்தமும் போடேல்லை. அதைக் காட்டி, "எங்கட ஊரிலயும் இயற்கை மந்திரி அப்பிடித்தான் இருப்பார்" எண்டா முதலாளி. அவவின்ர முகத்தில சிரிப்பு இருக்கேல்லை.

அந்த முகத்தைப் பாத்ததும் எனக்குச் சீயெண்டு போச்சுது. உவையளோட சண்டை பிடிக்கப் போய் இந்த மனுசியின்ர அலுவலைக் கெடுத்துப்போட்டனே! கடைசிச் சுற்று, கடைசி நிமிசம். போத்திலைத் தூக்கினன், தலைகீழாக் கவிட்டன். "எல்லாம் உங்களுக்குத்தான்!" எண்டன்.

மணியள் கலகலவெண்டு சரிவில இறங்கி, குட்டி வீடுகள் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு நிலத்தில கொண்டுபோய்க் கொட்டிச்சுது. ஒரு வீடு மிஞ்சேல்லை. திரை முழுக்கச் சிவப்பு.

"ஐயோ சிஸ்டர்" எண்டா அவ. "பன்ரெண்டு நாள் எண்டெல்லோ கேட்டனான். ஒரே நாளிலை இல்லை."

சாப்பாட்டு நேரம் அவ நிலையத்துக் குசினிக்குள்ள வந்து, கேக் வேக வைக்கிற தட்டு ஒண்டில மாவைத் தூவினா. பைப்பை மெல்லமாத் திறந்து, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் கொஞ்சம் கூட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சா. மா தட்டெல்லாம் பரவி மெத்தெண்டு படிஞ்சுது. பிறகு இன்னொரு தட்டில சடாரெண்டு திறந்து காட்டினா. நடுவில பள்ளம் தோண்டிக்கொண்டு எல்லாம் வெளியில போச்சுது. என்னை ஒரு சொல்லும் ஏசேல்லை. ஏசியிருந்தால் ஆறுதலா இருந்திருக்கும். ரெண்டு ரோல்ஸ் சுத்திக் குடுத்தன், வாங்கிக்கொண்டு அண்டைக்கே ஏர்போட்டுக்குப் போயிட்டா. போக முதல் என்ர போன் நம்பரைக் கேட்டு எழுதினா.

ஒரு மாசத்தால அறிக்கை ஈமெயிலில வந்தது. மின்சாரத்துறைப் பிரதிநிதி எண்டு என்ர பேர். பல சுற்றுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அணை திறக்கப்பட்டதாம், கீழ் ஊர்கள் முழுக்க அழிஞ்சுதாம், ஆனபடியால் அணையைப் பூட்டி வைச்சிருக்கிறதே சனத்துக்குப் பாதுகாப்பாம். அட கோதாரி! பேராசிரியருக்குப் போன் அடிச்சன்.

"ஐயா, அது அணையின்ர பிழை இல்லை. எனக்கும் என்ர மனுசனுக்கும் சண்டை."

"அது எங்களுக்குத் தரவு" எண்டார். "தரவை மாத்த ஏலாது. வேணுமெண்டால் நாலு துறையும் கையெழுத்து வைச்ச அறிக்கை ஒண்டு தாங்கோ, பின்னால சேர்க்கலாம்."

தோர்ண்டன் ஹீத்தில மச்சாள் வீட்டில மந்திரிசபை கூடிச்சுது. மச்சாள் கதவைத் திறந்தவ, ஆனால் என்ர மனுசன் தலைவர் எண்டு போட்ட கடிதத்தில கையெழுத்து வைக்க மாட்டாவாம். அவர் தலைவர் எண்டு போடாத கடிதத்தில தான் வைக்க மாட்டாராம். நான் சோத்துக் கரண்டியைத் தூக்கின பிறகு, ஒரே விசயத்தை ரெண்டு கடிதமா எழுதி, ஆளுக்கொண்டில வைச்சினம். நான் எழுதினது இவ்வளவுதான்: 'அணை பூட்டிக் கிடந்தது என்ர கோவத்தால. ஒரேயடியாத் திறந்தது என்ர அவசரத்தால. அந்த மனுசி ரெண்டையும் கேக்கேல்லை. பன்ரெண்டு நாள், மெல்ல மெல்ல. அதை ஒருத்தரும் விளையாடிப் பாக்கேல்லை.' கீழ மின்சார மந்திரி எண்டு போட்டு வடிவாக் கையெழுத்து வைச்சன்.

நாலாவது கையெழுத்து எங்கை எண்டு பேராசிரியர் கேட்டார். கதிரையிட்டைக் கேளுங்கோ எண்டன். ஒரு கிழமையால பதில் வந்தது: இயற்கைத் துறை மறுப்புச் சொல்லாதபடியால் சம்மதம் எண்டு எடுத்துக்கொள்ளுறமாம்.

அதோட முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். அடுத்த மழைக்காலத்தில, நான் டூட்டிங்கில வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கேக்க, வாட்ஸப்பில அவவின்ர குரல் வந்தது. பின்னால சனம் கத்துற சத்தம், ஆரோ தண்ணிக்குள்ள ஓடுற சத்தம். அணை நிர்வாகம் என்ர கடிதத்தை வாசிச்சதாம். அவையின்ர கூட்டத்தில எழும்பி ஒருத்தர், மின்சார மந்திரியே ஒத்துக்கொள்ளுறா எண்டு சொன்னவராம். பரிசோதனைக்கு எண்டு கதவைத் திறந்தவையாம், மெல்ல மெல்ல. முதல் வரிசை வயலுக்குத் தண்ணி ஏறியிட்டுதாம், பிள்ளையள் கையால மீன் பிடிக்குதுகளாம்.

நான் வெங்காயக் கையோட அழுதுகொண்டு, "பன்ரெண்டு நாளும் குடுத்தவையோ?" எண்டு திருப்பிக் கேட்டு அனுப்பினன்.

பதில் உடன வந்தது. "மூண்டு நாள்தான் குடுத்தவை சிஸ்டர். நாளைக்குப் பூட்டுவினம். மிச்ச ஒம்பது நாளும் உன்னட்டைத்தான் இருக்கு."

அது விளையாட்டுத்தானே, நான் ரோல்ஸ் பொரிக்கிறவள் எண்டு சொல்ல வெளிக்கிட்டன். அதை விட்டிட்டு, திரும்ப மந்திரிசபையைக் கூட்டோணும் எண்டு மச்சாளுக்குப் போன் அடிச்சன்.