பிள்ளையாரிடம் இருந்த கண்ணாடி

மாடு வாங்கினால் பல்லைப் பார், கமரா வாங்கினால் முதுகைப் பார். முன்பாதி ஊர்ச் சொல், பின்பாதி நான் ஒட்டியது. பிலிம் பரவலாவதற்கு முன், கண்ணாடித் தகட்டில் படம் பிடித்த மடிப்புக் கமராக்களைத் தேடி யாழ்ப்பாணம் முழுக்க மோட்டார் சைக்கிளில் அலைந்து படித்த பாடம் அது. அந்தக் கமராவின் முதுகில் தேய்த்த மங்கல் கண்ணாடி ஒன்று இருக்கும். படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, படம் தெளிவாக விழுகிறதா என்று அதில்தான் பார்ப்பார். அது இல்லையென்றால் பாதி விலை. இதில் நான் பிழைவிட்டதில்லை.

பண்டத்தரிப்பில் ஒரு அக்கா, தன் மாமனாரின் கமராவை விற்கக் கூப்பிட்டிருந்தார். அறையை இருட்டாக்கி, கமராவின் மடிப்புத் துருத்திக்குள் ரோச் லைட் அடித்துப் பார்த்தேன். பொட்டு வெளிச்சமும் கசியவில்லை. லென்ஸ் சுத்தம், பித்தளை சுத்தம். முதுகு மட்டும் வெறும் சட்டம்.

"கண்ணாடி இல்லையே அக்கா. பாதி விலைதான் தரலாம்."

"மாரிக்கு முன்னம் கூரை மாத்தத்தான் விக்கிறன் தம்பி. சரி, பாதி விலைக்குப் பாதிக் கூரை. திருநீறு பூசிப்போட்டுக் கொண்டு போங்கோ."

சாமியறைப் படங்களில் எல்லாச் சாமிகளும் பளிச்சென்று இருக்க, பிள்ளையார் மட்டும் பனிமூட்டத்துக்குள் இருந்தார். கண்ணாடியைத் தடவினேன். சொரசொரப்பு. நான்கு மூலையும் சின்னதாக வெட்டுப்பட்டிருந்தன. கமராக் கண்ணாடிக்குத்தான் அப்படி வெட்டுவார்கள்.

வாயைத் திறந்தால் விலை இரட்டிக்கும். மூடிக்கொண்டு போய், இன்னொரு நாள் 'பிள்ளையாருக்குப் புதுக் கண்ணாடி போட்டுத் தாறன்' என்று நல்லவனாக வந்திருக்கலாம். விரலில் திருநீற்றை வைத்துக்கொண்டு அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

"அக்கா, கண்ணாடி இஞ்சை இருக்கு."

"விசரே தம்பி? உது கர்ப்பூரப் புகை. எத்தினை தரம் துடைச்சிட்டன்! ஈரத்திலை முகம் காட்டுவார், காய்ஞ்சவுடனை ஒளிச்சிடுவார்."

"அப்பாதான் உந்தப் படத்துக்குச் சட்டம் அடிச்சவர்," என்றார் அவருடைய கணவர், வாசலில் நின்று.

அக்கா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமியின்ரை கண்ணாடியைக் கழட்டுறதோ?"

"புதுசு கொண்டுவந்துதான் கழட்டுவன். விலையும் முழு விலை."

"அப்ப முழுக் கூரை?"

"ஓம், முழுக் கூரை."

சந்திக் கடையில் கண்ணாடி வெட்டிக்கொண்டு வந்து மாட்டினேன். போன மாதம்தான் கண்புரை ஒப்பரேசன் செய்திருந்த அண்ணை, அக்காவின் கணவர், எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளையாருக்கும் கற்றரக்ட் எடுத்தாச்சு!"

கும்பிடப் போன அக்கா கையைப் பாதியில் இறக்கினார். "இஞ்சை பாருங்கோவன், காலடியிலை எலி! இவ்வளவு காலமும் வாகனமில்லாத பிள்ளையார் எண்டெல்லோ நினைச்சனான்."

எலிக்கும் ஒரு பூ வைத்துவிட்டுத்தான் கமராவை என் கையில் தந்தார்.