முழங்கால் வேண்டுதல்

எனக்கு முழங்கால் வலி வந்தது நாற்பது வயதைத் தாண்டியதும். பள்ளிக்கூடத்தில் பொழுதெல்லாம் நின்றே பாடம் நடத்தியதால் என்று நான் சொன்னேன். உடம்பு கனத்துவிட்டதால் என்று என் கணவர் சொன்னார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

வலி உயிரை எடுத்த ஒரு நாள் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். கால் குணமானால், திருவிழா அன்று கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முழங்காலாலேயே வருகிறேன் என்று. வரதராஜன்பேட்டைப் பக்கம் எங்கள் ஆட்கள் எதற்கெடுத்தாலும் வேண்டிக்கொள்வது அதைத்தான். எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

அப்புறம்தான் அரியலூர் தர்மாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு மூட்டு தேய்ந்திருக்கிறது என்றார். வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும், உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்க வேண்டும், உடம்பைக் குறைக்க வேண்டும். இதைக் கேட்டதும் என் கணவர் கூரையைப் பார்த்தார். டாக்டர் தொடர்ந்தார்: "முக்கியமா மண்டி போடவே கூடாதும்மா. போட்டீங்கன்னா பழையபடி வந்துடும்."

ஆறு மாதம் சொன்னபடி செய்தேன். வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் சந்தோஷப்படவா முடிந்தது? திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. வேண்டுதலைச் செய்தால் கால் போய்விடும், காலோடு வேலையும் போய்விடும். செய்யாவிட்டால் மாதாவை ஏமாற்றியவள் ஆவேன். வெட்கத்தை விட்டுப் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன்.

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "டீச்சரம்மா, முழங்கால் நல்லாவறதுக்கு முழங்காலையேவா நேர்ந்துக்குவாங்க? சரி, வூட்டுல யாராச்சும் ஒங்களுக்காகச் செய்யலாம், போங்க."

வீட்டில் நானும் என் கணவரும்தான். அவரோ, பூசையில் எல்லோரும் முழங்காலிடும்போது தூணில் சாய்ந்து நிற்கிற மனிதர். சாமியார் சொன்னதைச் சொன்னேன். அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திருவிழா அன்று காலையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் வாசலில் மண்டி போட்டார். ஊரே பார்த்தது. நான் பக்கத்தில் நடந்தேன். பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"போதுங்க, எழுந்திரிங்க."

"அப்பறம் மாதாகிட்ட யாரு பதில் சொல்றது? சும்மா வா."

ஜெபத்தை விட்டுவிட்டு அழுதேன்.

பீடத்துக்கு முன்னால் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. குனிந்து கைகொடுத்துத் தூக்கினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் காதோரமாகச் சொன்னார்: "இனிமே எது வேண்டிக்கிறதா இருந்தாலும், என்னைய ஒரு வார்த்தை கேட்டுட்டு வேண்டிக்க."