நான் வராத நாள்

சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் டாக்டரின் கிளினிக்கில் ஆளுக்கு ஓர் நோய்க்குறிப்பு அட்டை இருக்கும். எனக்கு மட்டும் மூன்று. ஒன்று நிரம்பி, அடுத்ததும் நிரம்பி, மூன்றையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் ஒன்றுமில்லாத வியாதிகள். நெஞ்சு படபடத்தால் மாரடைப்பு என்று ஓடுவேன், தலை வலித்தால் கட்டி என்று ஓடுவேன். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியாது. தெரியாததால் எல்லாவற்றுக்கும் பயம்.

டாக்டர் பிறந்தது லாபிஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அவருடைய அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரெஸர். அதனால் எங்கள் ஆட்களின் குணம் அவருக்கு அத்துப்படி. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நம்புகிறவர்கள் நாங்கள். யாராவது ஊசி கேட்டால், "எங்க போடணும்னு நீயே சொல்லு, இன்னைக்கு நீதான் டாக்டர்" என்று எழுந்து தன் நாற்காலியைக் காட்டுவார். முன்கோபிதான். ஆனால் ஒன்றுமில்லாமல் வந்ததற்காக என்னை ஒரு நாளும் கோபித்ததில்லை. முழுசாகச் சோதித்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போய்ச் சாப்பிடு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மறுநாள் வரச் சொன்னவர்களின் அட்டைகளை அலமாரிக்குப் போகவிடமாட்டார். மேசையின் இடது பக்கம் அடுக்கி வைத்துக்கொள்வார். வந்தவரின் அட்டை உள்ளே போகும். வராதவரின் அட்டை அங்கேயே அவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

என் மகளுக்கு ஒன்பது வயதில் டெங்கிக் காய்ச்சல் வந்தது. தினமும் கொண்டுவா, ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். மூன்று நாள் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் கவுண்டரில் இருந்த மிஸி, அந்த நர்ஸ் பெண், "அக்கா, நீங்க பேசாம இங்கயே ஒரு கட்டில் போட்டுக்கலாம்லா" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வரும்வரை முகம் எரிந்தது.

நான்காம் நாள் காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா பப்பாளி இலைச் சாற்றைக் கொடுத்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்றார். என் வீட்டுக்காரர், "காய்ச்சல்தான் விட்டுருச்சுல்ல? அந்த மனுஷனை ஒரு நாளாவது நிம்மதியா விடு" என்று வேலைக்குப் போய்விட்டார். பிள்ளை சுருண்டு படுத்திருந்தாள். எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனால் எனக்குத்தான் எப்போதுமே அடித்துக்கொள்ளுமே, அதை எப்படி நம்புவது? போகவில்லை.

பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. டாக்டரே பேசினார்.

"ஏம்மா இன்னும் வரல?"

"காய்ச்சல் விட்டுருச்சு டாக்டர்."

"வயிறு வலிக்குதுன்னு சொல்றாளா?"

"சொல்றா. ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. சாறு குடிச்சதாலன்னு நினைச்சேன்."

"அவளைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வா. நான் வர்றேன்."

பத்து நிமிடத்தில் அவருடைய கார் வந்து நின்றது. காத்திருந்தவர்களை அப்படியே உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். பின் சீட்டில் பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் கை கால் ஜில்லென்றிருந்தன. டெங்கியில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்டம் என்று வழியில்தான் சொன்னார். குளுவாங் ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் வரை விட்டிருந்தால் தாங்கியிருக்க மாட்டாள் என்று அங்கே சொன்னார்கள். ஆறாம் நாள் மகள் குடிக்க மைலோ கேட்டாள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

பிறகு ஒருமுறை கேட்டேன், எத்தனையோ பேர் வராமல் இருக்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் ஓடி வந்தீர்கள் என்று. மருந்து எழுதிக்கொண்டே சொன்னார்: "மத்தவங்க வரலன்னா போன் பண்ணுவேன். நீ வரலன்னா எனக்குப் பயம்மா."

என் பயத்தை ஊரே கேலி செய்தது. அவர் ஒருவர்தான் அதையும் ஒரு கணக்கில் எடுத்துக்கொண்டவர்.

டாக்டர் போன வருடம் காலமாகிவிட்டார். மகள் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். நான் புதிய கிளினிக்குக்குப் போகிறேன். திரையில் நம்பர் வருகிறது, பெண் டாக்டர் அன்பாகத்தான் பேசுகிறார். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கொடுத்து, ஒரு மாதத்தில் வரச் சொன்னார். வேண்டுமென்றேதான் போகாமல் இருந்தேன். எதற்கென்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாதம் முடிந்து பத்து நாள், தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சமைத்தேன்.

பதினோராம் நாள் நானே போனேன். "பத்து நாள் பிந்திட்டேன் டாக்டர்" என்றேன்.

அவர் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பரவால்ல ஆன்ட்டி."

எங்கள் டாக்டர் ஒரு நாளும் பரவாயில்லை என்று சொன்னதில்லை.