ரொசாலி அக்காவின் கார்டும் என் மகளின் பாஸ்வேர்டும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. எழுத்து கோணும், ஞாபகமும் முன்னே பின்னே போகும். பொறுத்து வாசியுங்கள்.

இங்கிலாந்தில் ஒருவர் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு அடித்தால் பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அது மரியாதையாம். சேலை மாற்றும்போது திரும்பிக்கொள்வது எனக்குப் புரியும். எழுத்து அடிப்பதற்கு என்ன வெட்கம்? என் மகள் ஸ்டெல்லா இங்கே யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் பகலெல்லாம் தனியாகக் கிடக்கிறேனே என்று, தன் பாஸ்வேர்டைச் சொல்லித்தந்து, அங்குள்ள கம்ப்யூட்டர் அறையில் தமிழ்ப் பத்திரிகை வாசிக்க உட்கார்த்திவைத்தாள். அதை நான் ஞாயிறு பூசைக்கு வரும் நம்மூர்ப் பெண்கள் மூன்று பேருக்குச் சொன்னேன். பலகாரம் சுட்டால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமலா தின்போம்? அவர்களில் பிலோமினா, மகளுக்கு வரன் தேடுகிறவள். கம்ப்யூட்டரில் கண்ணில் பட்ட மாப்பிள்ளைப் படங்களையெல்லாம் அங்கிருந்த மெஷினில் கலரில் அச்செடுத்தாள். கட்டுக் கட்டாக மாப்பிள்ளை. பாதிப் பேருக்குத் தலையில் முடியே இல்லை, அதற்குக் கலர் எதற்கோ.

மறுவாரம் ஸ்டெல்லாவின் பாஸ்வேர்டு செல்லாது என்று பூட்டிவிட்டார்கள். அவளுடைய ஆராய்ச்சி முழுவதும் அதற்குள்ளே. ஒப்படைக்க நான்கு நாள்தான் இருந்தது.

"எத்தன பேருக்கும்மா சொன்ன?"

"மூணே பேருக்குத்தாம்ளா. அவளுவ யாருக்குச் சொன்னாளுவளோ."

எங்களைக் கூப்பிட்டு விசாரித்த அதிகாரி மூக்குச் சிவந்த மனிதர். பாஸ்வேர்டை ஷேர் பண்ணினீர்களா என்று கேட்டார். பாராட்டுகிறார் போல என்று நினைத்து, "யெஸ், யெஸ், ஆல் ஷேர்" என்றேன். ஸ்டெல்லா முழங்கையால் இடித்தாள். "எம்மா, பேசாம இரி. பெருமையா வேற சொல்லுத."

நான் சிறுபிள்ளையாக இருந்த யுத்தகாலத்தில், எங்கள் ஊர் திரேஸ்புரத்தில் சீமெண்ணெய் ரேஷன் கார்டுக்குத்தான் கிடைக்கும். தம்பி பிறந்த வீடு, விளக்கு அணையக் கூடாது, எங்கள் எண்ணெயோ தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு ரொசாலி அக்கா கேட்காமலே தன் கார்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா கடைக்குப் போனாள், நானும் கூடப் போனேன். கடைக்கார அண்ணாச்சி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏளா, நேத்து வரைக்கும் நீ செசிலி. இன்னைக்கு ரொசாலியா?"

"கோயில்ல பேரு மாத்திட்டாவ அண்ணாச்சி."

சாமியார் செய்த காரியத்தில் அவர் ஏன் தலையிடப் போகிறார்? ஊற்றிவிட்டார். அந்த வாரம் முழுக்க ரொசாலி அக்கா வீட்டில் பொழுது சாயுமுன்னே உண்டு படுத்துவிட்டார்கள். ஏன் என்று அம்மா கேட்டாள். "இருட்டுல மீன் முள்ளு தெரியல மதினி, அதான் வெளிச்சத்துலயே தின்னுட்டோம்" என்று அக்கா சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

அதிகாரி சொன்னதை ஸ்டெல்லா எனக்குத் தமிழில் சொன்னாள். பிலோமினாவின் மாப்பிள்ளைகள் அச்சாகிக்கொண்டிருந்த மதியம், ஒரு மாணவி தன் பரீட்சைக் கட்டுரையை அச்செடுக்கக் காத்து நின்று, கொடுக்கவேண்டிய நேரத்தைத் தவறவிட்டாளாம். அதுவரை, பாஸ்வேர்டை ஒளித்துவைக்கும் இந்த ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்போதுதான் அக்காவின் விளக்கில்லாத வீடு கண்முன் வந்தது. அவளாவது தானாகத் தந்தாள். இந்தப் பிள்ளையை யார் கேட்டது?

அந்நிய ஆளைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் தரையைப் பார்த்தபடி, "அவ மேல தப்பு இல்லன்னு சொல்லு. ஊருக்கெல்லாம் சொன்னது நாந்தான்" என்றேன்.

"நான் ஒனக்குச் சொன்னதும் தப்புதாம்மா" என்றாள் ஸ்டெல்லா. இரண்டையும் அவரிடம் சொன்னாள். அவர் எழுதினார், நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் திறந்துவிட்டார்கள். எனக்கும் தனியாக ஒரு பாஸ்வேர்டு தந்தார்கள், 'விசிட்டர்' என்ற பேரில்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிலோமினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒம் பாஸ்வேர்ட தாயேன்க்கா. இன்னும் ரெண்டு மாப்பிள்ள பாக்கி."

வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்தியிடம் தரமாட்டேன் என்றேன்.

"வெள்ளக்காரியாவே ஆயிட்ட" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். இப்போது கம்ப்யூட்டர் அறையில் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார்கள், பேர்தான் ஒருவருக்கும் தெரியாது. கோயிலில் எல்லாருக்கும் என் பேர் தெரியும், பெஞ்சில் என் பக்கத்து இடம் காலி.

ரொசாலி அக்காவின் அந்தக் கார்டு சீமெண்ணெய்க்கு மட்டுமா, அரிசிக்கும் சேர்த்தா என்று எனக்கு நிச்சயமில்லை. திரேஸ்புரத்தில் என்னைவிட வயதானவர்கள் யாராவது மிச்சமிருந்தால், கேட்டுத் திருத்திவிடுங்கள்.