ஒழுக வேண்டிய பந்தல்

கடந்த ஒக்ரோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஜின்கோர்ட்டிலிருந்து ரொறன்ரோ நகரத்துக்குள் ஒரு பந்தல் கட்டப் போனேன். சுமார் இருபத்திரண்டு கிலோமீற்றர்தான். இதையெல்லாம் பயணம் என்று எழுதலாமா என்று கேட்பவர்கள், கையில் ஏணியோடு மூன்று தரம் வண்டி மாறிப் பார்க்கவும்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே தாதியாக இருப்பவர் ரூத். யூதர். காஸாவில் நடப்பது தன் பெயரால் நடக்கக்கூடாது என்று இரண்டு வருடமாகத் தெருவில் நிற்பவர். சியோனிசத்தை, அதாவது யூதர்களுக்கென்று தனிநாடு என்ற கொள்கையை, எதிர்க்கும் யூதர்கள் சிலர் சேர்ந்து, தங்கள் கூடாரப் பண்டிகைக்கான பந்தலை இந்த முறை பலஸ்தீனியர்களுக்காக ஒரு பூங்காவில் கட்டப்போவதாகச் சொன்னார். நான் ஒவ்வொரு கோடையிலும் கோயில் தேருக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறவன் என்பது அவருக்குத் தெரியும். "வருவாயா?" என்று கேட்டார். வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டது ஒன்றுதான்: "வெறுங்கையோடயே போகப்போறியள்?" அதனால் ஏணியோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் வந்தது.

காலை 11.10க்கு ஷெப்பர்ட் வீதியில் 85ஆம் இலக்க பஸ். கட்டணம் 3 டொலர் 30 சதம்; அட்டையில் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு மாறி மாறி ஏறலாம். சாரதி எங்கள் ஆள். மடித்த ஏணியையும் நீலத் தறப்பாளையும் பார்த்துவிட்டு, தேர் எப்பவோ முடிந்துவிட்டதே, இனி எங்கே பந்தல் என்று சிரித்தார். சொன்னேன். சிரிப்பு நின்றது. அடுத்த சிவப்பு விளக்கில் திரும்பிப் பார்த்தார்.

"போட்டு வாங்கோ அண்ணை. எங்களுக்கும் உப்பிடி அந்தப் பக்கத்தில இருந்து ஆரும் வந்து நிண்டிருக்கலாம்."

2009இல் ஊரில் போரை நிறுத்தக் கேட்டு நானும் இந்த நகரத்தின் வீதியில் குந்தியிருந்தவன். எங்களைக் கொன்றவர்களின் மொழி பேசும் ஒரே ஒருவர் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு. ரூத் கூப்பிட்டதும் யோசிக்காமல் ஓம் சொன்னது அதனால்தான். டொன் மில்ஸில் இறங்கி ஷெப்பர்ட் ரயில், பிறகு யங் ரயில், பிறகு புளூர் ரயில். கிறிஸ்டி நிலையத்தில் இறங்கும்போது 12.45. பூங்கா நேர் எதிரே ஒரு பள்ளத்தில் இருக்கிறது.

இருபது பேர்வரை நின்றார்கள். மூன்று பக்கம் போர்வைச் சுவர், மேலே சோளத்தட்டையும் சீடர் மரக் கிளைகளும். வாசலில் 'யூதர்கள் பலஸ்தீனத்துடன்' என்று ஒரு பதாகை. நான் பந்தல் கால்களை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது ரூத் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். சிறு வயதிலிருந்து வீட்டுப் பின்வளவில் அப்பா பந்தல் கட்டுவார், தடிகளை எடுத்துக்கொடுப்பது ரூத்தின் வேலை. இவர் ஊர்வலங்களுக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அப்பா பேசுவதில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை. இந்த முறை, இரண்டு மணிக்கு வாருங்கள் என்று ரூத் அவருக்குத் தகவல் மட்டும் விட்டிருந்தார். சொல்லும்போது அவர் கை கிளைகளை அடுக்கிக்கொண்டே இருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

இரண்டு மணி தாண்டியும் அப்பா வரவில்லை. ரூத் மேட்டுக்கு ஏறி, காஸாவில் இறந்த பிள்ளைகளின் பெயர்களை வாசிக்கிறவர்களோடு நின்றார். மேற்கே வானம் கறுத்தது. மழைக்கு முன்னே பந்தலை மூடாதவன் என்ன தொண்டன்? தறப்பாளை விரித்து, ஒரு சொட்டும் இறங்காதபடி கால் மணி நேரத்தில் இழுத்துக் கட்டினேன். எனக்கே என்மேல் பெருமை.

"அதைக் கழற்று," என்று கீழேயிருந்து ஒரு குரல். தொப்பி போட்ட ஒரு முதியவர், எண்பது வயதிருக்கும். மழை வரப்போகிறது என்றேன். வரட்டும் என்றார். இந்தப் பந்தலின் கூரை வெட்டின கிளைகளால்தான் இருக்கவேண்டுமாம். அதற்குள்ளால் நட்சத்திரம் தெரியவேண்டும், மழை இறங்கவேண்டும். நிரந்தரமான கூரை யாருக்கும் இல்லை என்று நினைத்துக்கொள்ளத்தான் அதற்குள் போய் இருப்பதாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் முடிச்சுகளை அவிழ்த்தேன். கடைசி முடிச்சு அவிழும்போது ரூத் வந்து நின்றார். "அப்பா," என்றார், அவ்வளவுதான்.

அவர் பதாகையைப் பார்த்தார். "நான் உள்ளே வரமாட்டேன். அந்த நாடுதான் எங்களுக்குக் கூரை என்று நம்பி வளர்ந்தவன் நான்."

"தெரியும் அப்பா. அதற்காக வெளியே தள்ளப்பட்டவர்களுக்காகத்தான் இது."

அவர் ஏணியில் இருந்து கையை எடுக்கவில்லை. தடி ஒன்று சாய்ந்திருக்கிறது என்று காட்டினார். ரூத் போய் நிமிர்த்தினார். நான் கொடுத்த வாழைப்பழம் ஒன்றை முதியவர் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் படியேறிப் போய்விட்டார். அதன் பிறகுதான் மழை கொட்டியது. எல்லோரும் உள்ளே குந்தியிருந்து தெப்பமாய் நனைந்தோம். ரூத் அழுதாரா, மழையா என்று நான் பார்க்கப் போகவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறுகளில் ரயில்கள் திருத்த வேலைக்காக நிற்பதுண்டு, முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் இறங்கப் படிகள் நிறைய. மழைக்கு வழுக்கும், நல்ல சப்பாத்துப் போடுங்கள். திரும்பிவர இன்னொரு 3 டொலர் 30 சதம். மாற்றுடுப்பு கட்டாயம். தறப்பாள் வேண்டாம்.

திங்கள் காலை வேலைக்குப் போனபோது ரூத் தாதியர் மேசையில் எனக்காகக் காத்திருந்தார். அன்று காலை ஆறு மணிக்கு அப்பாவே தொலைபேசியில் கூப்பிட்டாராம், இரண்டு வருடத்தில் முதல் தடவை. சுகம் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பந்தல் ஒழுகியதா என்று மட்டும் கேட்டாராம். நன்றாக ஒழுகியது என்று இவர் சொல்ல, "நல்லது" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை வைக்காமல் நெடுநேரம் அப்படியே இருந்தாராம்.