பூட்டிய வீட்டிலிருந்து வந்த விடை

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒரே படகில் அக்கரை சேர்க்கும் புதிரைக் கேள்விப்படாத பிள்ளை இருக்க முடியாது. எனக்கு அதற்கு விடை சொன்னது ஒரு பேய்.

பெங்களூருக்குப் பிளேக் வந்த முதல் வருஷம் அது. எங்கள் வாத்தியாரம்மா ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் புதிரைப் போட்டுவிட்டு, விடையைத் திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னார். திங்கட்கிழமை பள்ளிக்கூடமே இல்லை. ஜோகுபாளையத்தில் எங்கள் சந்தில் பாதிப் பேர் சொந்த ஊருக்கு ஓடிவிட்டார்கள். மற்றவர்களில் பலரை ஊருக்கு வெளியே போட்டிருந்த கொட்டகைகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நோய் கண்ட வீடுகளுக்குள் வெயில் விழட்டும் என்று சர்க்கார் ஆட்கள் கூரை ஓடுகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு வீட்டின் அடுப்படியில் பட்டப்பகலில் காக்கைகள் இறங்கி, வீட்டுக்காரர்களைப் போல நடமாடியதைக் கதவிடுக்கு வழியே பார்த்திருக்கிறேன். மறுநாள் மறுபடி போய்ப் பார்ப்பேன்.

சந்தில் மிஞ்சிய பிள்ளைகள் நானும் தம்பியும் எதிர்வீட்டு ஞானம்மாவும்தான். திங்கட்கிழமை வராத விடையை நாங்களே கண்டுபிடிப்பது என்று கிளம்பினோம். கரித்துண்டால் தரையில் இரண்டு கோடு போட்டு, நடுவில் ஓடுவது ஆறு என்று வைத்துக்கொண்டோம். ஞானம்மா புலி, தம்பி ஆடு, நான் படகோட்டி. புல்லுக்கு நிஜப் புல். படகில் என்னோடு ஒன்றுதான் ஏறலாம். நான் இல்லாத கரையில் புலியும் ஆடும் தனித்திருந்தால் ஆடு போச்சு. ஆடும் புல்லும் தனித்திருந்தால் புல் போச்சு. தம்பி சொன்ன சொல் தட்டாத ஆடு. புல்லோடு விட்டால் உண்மையாகவே மென்று தின்றான்.

நாங்கள் ஆறு போட்டிருந்தது பக்கத்துத் தையற்காரர் வீட்டு வாசலில். அவரும் மனைவியும் மகள் செல்லமும் ஆற்காட்டுக்குப் போய்விட்டதாக அம்மா சந்து முழுக்கச் சொல்லியிருந்தாள். கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

முதலில் ஆட்டை அக்கரை சேர்ப்பது வரைக்கும் சரியாக வரும். அடுத்ததாக எதைக் கொண்டுபோய் விட்டாலும் வம்புதான். ஒருவரையொருவர் குற்றம் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"புலிய உட்டுட்டு வர்றப்போ ஆட்ட இட்டாந்துடு. ஆட்ட இங்க உட்டுட்டுப் புல்ல எடுத்துக்கினு போ."

அப்படியே செய்தோம். தம்பி அக்கரைக்குப் போனான், திரும்பி வந்தான், கடைசியில் மறுபடி போனான். புலி, புல், ஆடு மூன்றும் முழுசாக அந்தப் பக்கம் இருந்தன. நான் குதித்தேன். ஞானம்மா குதிக்கவில்லை. அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அப்போது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மூலையிலும் இருட்டில்லை.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னோம். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டாள். இல்லை என்றதும், அது பேய்தான் என்றும், வெளியே சொன்னால் நாக்கு இழுத்துக்கொள்ளும் என்றும் சொன்னாள். அதற்கு மேல் சொன்னதுதான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது.

"தெனமும் அங்கியே போயி ஆடுங்க. நல்லா சத்தம் போட்டு ஆடணும். பேய் தனியா கெடந்தாதான் பொல்லாதது."

பேய் இருக்கிற வாசலுக்குப் பெற்ற பிள்ளைகளை விரட்டிய தாய் பெங்களூரிலேயே எங்கள் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதற்கு முன்னால் எங்கள் விளையாட்டைப் பற்றி, கத்தாதீர்கள் என்பதைத் தவிர அவள் ஒன்றும் சொன்னதில்லை. போனோம். பயத்திலேயே பாதிச் சத்தம் வந்தது. நாங்கள் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ முனகும். நாங்கள் மறுபடி கத்துவோம்.

ஒரு நாள் பிளேக் இன்ஸ்பெக்டர் இரண்டு சிப்பாய்களோடு சந்துக்குள் வந்தார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவில் காதை வைத்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே முனகல் கிளம்பியது. ஞானம்மா என்ன நினைத்தாளோ, உறுமிக்கொண்டு தம்பியின்மேல் பாய்ந்தாள். அவன் மே என்று அலறினான். இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, எங்கள் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"ஊருக்குப் போயிட்டாங்க சாமி. உள்ள ஆரும் இல்ல," என்றாள் அம்மா.

அவர் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஏதோ கிறுக்கிவிட்டு நடந்தார்.

பிறகு ஒரு காலையில் அம்மா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து சாவியை எடுத்து அந்தப் பூட்டைத் திறந்தாள். செல்லம் வெளியே வந்து வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினாள். பேய் என்று அம்மா சொன்னது பொய்யில்லையோ என்று தோன்றுமளவுக்கு மெலிந்திருந்தாள். பின்னால் மனைவி தாங்கிக்கொள்ள, தையற்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனால் நோய் கண்ட புருஷன் திரும்ப வரமாட்டார் என்று பயந்து, எல்லோரையும் உள்ளே வைத்து வெளியே பூட்டச் சொல்லி அம்மாவிடம் சாவியைக் கொடுத்திருந்தாள் அவர் மனைவி. அப்போது பலரும் செய்த தந்திரம்தான். கொல்லைச் சுவர் வழியாகக் கஞ்சி போயிருக்கிறது. அவளும் அம்மாவும் ஆற்காட்டில் ஒரே தெருவில் பிறந்தவர்கள். அப்பாவோ கோலார் தங்கவயலில் வேலையாக இருந்தார். யோசனை கேட்க அம்மாவுக்கு ஆளில்லை. நோயாளியின் முனகலை மறைக்க அவளிடம் இருந்தது எங்கள் தொண்டைகள் மட்டுமே.

இவ்வளவும் எனக்கு அன்றைக்கே ஓரளவு விளங்கிவிட்டது. விளங்காதது வேறொன்று. அந்த நாட்களில் அம்மா எங்களை மாலைதோறும் வேப்பிலை போட்ட வெந்நீரில் குளிப்பாட்டுவாள். துவட்டியதும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் விரலால் மெல்ல அழுத்தி அழுத்திப் பார்ப்பாள். தம்பி கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரிப்பான். அம்மா சிரிக்கமாட்டாள். பிளேக் கட்டி முதலில் கிளம்புவது அந்த இடங்களில்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவள் கிச்சுகிச்சு மூட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். இன்னொரு தரம் செய் அம்மா என்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நிற்பேன்.