மட்டாஞ்சேரியில் நிறம் பார்த்துக் குடித்த தண்ணீர்

மனைவி கோமதிக்கு மஞ்சள் காமாலை வந்து குணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் மூன்று மாதம் கொதித்தாறிய தண்ணீர் மட்டுமே என்றிருந்தார் டாக்டர். அவளோ தம்பி முருகேசனைப் பார்க்க மட்டாஞ்சேரிக்குப் போயே ஆகவேண்டும் என்றாள். 2005 டிசம்பரில் கிளம்பினோம்.

நான் கோயம்புத்தூர்க்காரன். சிறுவாணித் தண்ணீருக்கு ஈடு உலகத்தில் கிடையாது என்று நம்புகிறவன். அதைக் காய்ச்சி, ஆறவைத்து, ஐந்து லிட்டர் கேன்கள் மூன்றில் நிரப்பிக்கொண்டேன். ரயிலில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள், நான் கண்டுகொள்ளவில்லை.

காலை ஆறரைக்கு ஏறி, பதினொன்றரைக்கு எறணாகுளத்தில் இறங்கினோம். படகுத்துறைக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ இருபது ரூபாய். மட்டாஞ்சேரிக்குப் படகில் ஆளுக்கு இரண்டரை ரூபாய், இருபத்தைந்து நிமிடம். காயல் காற்றுக்கே கோமதியின் முகம் தெளிந்துவிட்டது.

முருகேசன் மாநகராட்சி லாரி ஓட்டுகிறான். மனைவி சரசு அங்கேயே பிறந்து வளர்ந்தவள். கிணற்று நீர் உப்பு, குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள். குளித்துவிட்டு வந்து பார்த்தால் என் கேன்கள் மூன்றும் காலி. சிறுவாணித் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ மத்தி பளபளவென்று கழுவப்பட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

"எங்க வீட்ல நெறமில்லாத வெள்ளத்த யாரும் குடிக்க மாட்டோம் அண்ணா. கழுவுற வெள்ளம்னு நெனச்சுப் போட்டேன்" என்றாள் சரசு, பாவமாக. வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர்.

பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டு அவர்கள் தண்ணீர் காய்ச்சுகிறார்கள், ரோஜா நிறமாகிவிடும். ஒரு மழைக்காலத்தில் முருகேசனும் காமாலையில் படுத்தானாம். அன்றிலிருந்து சரசு தளதளவென்று கொதி வந்த பிறகுதான் சீவலைப் போடுவாள். நிறம் இருந்தால் கொதித்தது, இல்லாவிட்டால் கழுவ. அவ்வளவுதான் அந்த வீட்டுச் சட்டம். கோமதி நான்கு நாளும் அதைத்தான் குடித்தாள். மத்திக் குழம்பு பிரமாதம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊர் திரும்பும் நாள் முருகேசனும் சரசுவும் வழியனுப்ப வந்தார்கள். படகுத்துறைச் சாயாக்கடையில் எல்லோருக்கும் ரோஜா நிறத் தண்ணீர் வைத்தார்கள். நான்தான் இப்போது விவரம் தெரிந்தவனாயிற்றே! தைரியமாகக் குடி என்றேன். கோமதி டம்ளரை உதட்டருகே கொண்டுபோனபோது சரசு அவள் கையைப் பிடித்தாள்.

"குடிக்கண்டாம் அண்ணி. நெறம் வெளுத்திருக்கு, தொட்டாலும் சில்லுனு இருக்கு. பச்சவெள்ளம் கலந்திருக்கு."

கேட்டபோது கடைக்காரச் சேட்டன் மறைக்கவில்லை. சூடு தணிய இரண்டு குவளை குழாய்த் தண்ணீர் சேர்த்தாராம். அவரே அடுப்பிலிருந்து ஆவி பறக்க ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் படகு வந்து நின்றது. நான் பையைத் தூக்கினேன். கோமதி அசையவில்லை.

"ஆறட்டுங்க. படகு போனாப் போகுது."

போய்விட்டது. அடுத்ததற்கு நாற்பது நிமிடம். நான்கு பேரும் ஒரு டம்ளரைச் சுற்றி உட்கார்ந்து, முறைவைத்து ஊதி, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நோய் வந்த பிறகு கோமதி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கொச்சிக்குப் போகிறவர்களுக்கு: நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், டம்ளரைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் எப்படி ஆறியது என்று கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வீட்டிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டாம். பயண நேரத்தில் மட்டும், தண்ணீர் ஆறுவதற்கென்று ஒரு படகைக் கூடுதலாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.